ஸ்டியரிங்குக்குள் ஒரு குடுவை

மாணவர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுக் காரில் ஏறும்போது ஸ்டியரிங்கின் நடுப்பகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘எஸ்.ஆர்.எஸ்.’ என்ற மூன்று எழுத்துகள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். துணைப் பாதுகாப்பு அமைப்பு என்பது அதன் பொருள். ‘துணை’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். முதல் பாதுகாப்பு இருக்கைப் பட்டைதான். காற்றுப் பை அதற்குத் துணையாக வருவது.

அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் மடித்து வைத்த நைலான் பையும், அதன் அடியில் கையடக்கமான ஓர் உலோகக் குடுவையும் இருக்கின்றன. குடுவைக்கு இன்ஃபிளேட்டர் என்று பெயர். காற்றை அடைத்து வைத்த டப்பா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓட்டுநர் பக்கத்துக் குடுவையில் பெரும்பாலும் இருப்பது காற்று அல்ல, மாத்திரைபோல் அழுத்திச் செய்த வேதிப்பொருள் வில்லைகள். கார் எதிலாவது மோதினால் உணரிகள் மின்சைகை அனுப்பும். வில்லைகள் தீப்பிடித்து எரிந்து வாயுவாக மாறும். அந்த வாயு குடுவையின் துளைகள் வழியாகப் பாய்ந்து பையை விரிக்கும். இதற்கு ஆகும் நேரம் சுமார் 30 மில்லி வினாடி. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்ட 100 மில்லி வினாடிக்கு மேல் ஆகும்.

நான்காம் படிவ இயற்பியலில் கணத்தாக்கு விசையைப் படித்தவர்களுக்குப் பையின் வேலை உடனே புரியும். உந்தம் சுழியாவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடினால் விசை குறையும். தலை ஸ்டியரிங்கில் இடிப்பதும் பையில் அமிழ்வதும் இந்த நேரத்தில்தான் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் மட்டும் 1987 முதல் 2017 வரை முன்பக்கக் காற்றுப் பைகள் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாக அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதனால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, “அப்பா, காற்றுப் பையைக் கழற்றிவிடலாம்” என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆனாலும் 2014 ஜூலையில் நம் நாட்டில், சரவாக் மாநிலத்தின் சிபுவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி கார் ஒன்று விபத்துக்குள்ளானது. பை விரிந்தது, கூடவே அதன் குடுவையும் வெடித்துச் சிதறியது. பாய்ந்து வந்த உலோகத் துண்டு ஓட்டி வந்த பெண்ணின் உயிரைப் பறித்தது. அவர் கருவுற்றிருந்தார், குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. காற்றுப் பையைச் செய்தது ஜப்பானின் தக்காத்தா நிறுவனம். அந்நிறுவனத்தின் குடுவையால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்ததாகத் தெரியவந்த முதல் மரணம் இதுதான். அதே ஆண்டு நவம்பரில் ஹோண்டா உலகின் பல நாடுகளில் மேலும் சுமார் 170,000 கார்களைத் திரும்ப அழைத்தது. 2016-இல் மலேசியாவில் இன்னும் சில மரணங்கள் பதிவாயின. அவையும் ஹோண்டா சிட்டி கார்களில் நிகழ்ந்தவையே.

தக்காத்தா நேற்று முளைத்த நிறுவனம் அல்ல. 1933-இல் நெசவுத் தொழிலில் தொடங்கி, பின்னர் இருக்கைப் பட்டை, அடுத்துக் காற்றுப் பை என்று வளர்ந்தது. உலகின் பெரிய கார் நிறுவனங்கள் பலவும் அதனிடம் பை வாங்கின. இப்படிப்பட்ட நிறுவனத்தின் குடுவை ஏன் வெடித்தது? இதற்கான பதில் உங்கள் பாடநூலுக்குள்ளேயே இருக்கிறது. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாருங்கள்.

முதலில் அந்த வில்லை எதனால் ஆனது என்று பார்ப்போம். தொடக்கக் காலக் காற்றுப் பைகளில் சோடியம் அசைடு பயன்பட்டது. அது சிதைந்தால் நைட்ரஜன் வாயு கிடைக்கும். ஆனால் அசைடு நச்சுப் பொருள். அதை விட்டு விலகிய பல நிறுவனங்கள் குவானிடின் நைட்ரேட் பக்கம் போயின. தக்காத்தா சுமார் 2000-ஆம் ஆண்டிலிருந்து அம்மோனியம் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டது. தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேளுங்கள், அம்மோனியம் நைட்ரேட்டை உரமாக அறிந்திருப்பார்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கியதும் இதே பொருள்தான். அங்கே சுமார் 2,750 டன் குவிந்து கிடந்தது.

இந்தத் தேர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அம்மோனியம் நைட்ரேட் விலை மலிவு. அது எரிந்தால் நைட்ரஜன், நீராவி என ஏறக்குறைய எல்லாமே வாயுவாகிவிடும்; சாம்பல்போல் மிஞ்சுவது மிகக் குறைவு. சிறிய குடுவையில் நிறைய வாயு கிடைக்கும். காகிதத்தில் கணக்குப் போடும் பொறியாளருக்கு இது நல்ல பொருளாகவே தெரியும்.

ஆனால் இதற்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, ஈரத்தை உறிஞ்சும். மற்றொன்று, வெப்பநிலை மாறும்போது இதன் படிக அமைப்பும் மாறும். தூய அம்மோனியம் நைட்ரேட்டின் படிகம் சுமார் 32 டிகிரி செல்சியஸில் ஓர் அமைப்பிலிருந்து வேறோர் அமைப்புக்குத் தாவும். அப்போது கன அளவும் ஏறத்தாழ 4 விழுக்காடு மாறும். 32 டிகிரி என்பது எங்கோ ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எண் அல்ல, பட்டர்வொர்த்தின் நண்பகல் வெப்பம்! பொட்டாசியம் சேர்த்தால் இந்தத் தாவலைத் தடுக்கலாம் என்பது தக்காத்தாவுக்குத் தெரியும். அப்படிச் சேர்த்தும் இருந்தது. ஈரத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடுதான் இல்லை.

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை மூடாமல் வைத்தால் நம் ஊரில் எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும்? உப்பு டப்பாவில் பாட்டி ஏன் நாலு அரிசி மணிகளைப் போட்டு வைக்கிறார்? புதுக் காலணிப் பெட்டியில் ஏன் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறது? மூன்று கேள்விக்கும் விடை ஒன்றுதான். காற்றில் உள்ள ஈரத்தை வேறு ஏதாவது உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாம் காக்க நினைக்கும் பொருளே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் பொருளைத் தக்காத்தா தன் குடுவைகள் பலவற்றில் வைக்கவில்லை. இது என் கருத்தாக மட்டும் சொல்வதல்ல. உலர்த்தி இல்லாத குடுவை, காற்றின் ஈரம், நீண்ட காலம் ஏறி இறங்கும் வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வெடிப்புக்குக் காரணம் என்று ஆய்வுகள் முடிவு செய்தன.

இனி ஒரு காரைக் கற்பனை செய்யுங்கள். காலையில் அப்பா பினாங்கு சென்ட்ரல் பக்கம் வெயிலில் காரை நிறுத்திவிட்டுப் பெரியில் தீவுக்கு வேலைக்குப் போகிறார். பகல் முழுக்கக் கண்ணாடி மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியையும் தாண்டலாம். குடுவைக்குள் புகுந்திருக்கும் மிகச் சிறிய அளவு ஈரம் இந்தச் சூட்டில் இடம்பெயர்கிறது. இரவில் கார் குளிர்கிறது. ஈரம் மறுபடியும் வில்லையில் படிகிறது. ஒரு நாளைக்கு ஒரு சுற்று. பத்து ஆண்டுக்கு 3,650 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வில்லை கண்ணுக்குத் தெரியாத அளவு உப்புகிறது. அதன் அடர்த்தி குறைகிறது. உள்ளே நுண்துளைகள் உருவாகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் பளபளப்பாகத்தான் இருக்கும். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது, ஏனென்றால் அந்த விளக்கு மின்சுற்றைத்தான் சோதிக்கிறது, வில்லையின் உடல்நிலையை அல்ல.

துளை விழுந்தால் என்ன ஆகும்? நான்காம் படிவ வேதியியலின் வினைவேகப் பாடத்துக்கு வாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கன சதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள 1,000 துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். பொருளின் அளவு கூடவில்லை. மேற்பரப்பு மட்டும் பத்து மடங்கானது. எரிதல் மேற்பரப்பில் நடப்பது. துளை விழுந்த வில்லையில் தீ உள்ளேயும் நுழைகிறது. மெல்ல எரிய வேண்டியது ஒரேயடியாக எரிகிறது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். நீரில் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரை இரண்டு எடுங்கள். ஒன்றை முழுதாகவும் மற்றொன்றைப் பொடித்தும், ஒரே அளவு தண்ணீர் உள்ள இரண்டு கோப்பைகளில் போட்டு நேரத்தைக் குறியுங்கள். திறந்த கோப்பையில் மட்டும் செய்யுங்கள். மூடி போட்ட போத்தலில் செய்யவே கூடாது. காரணம் அடுத்த பத்தியில் வருகிறது.

திறந்த வெளியில் வேகமாக எரிந்தால் பெரிய ஆபத்தில்லை. மூடிய இடத்தில்தான் சிக்கல். புஸ்வாணத்தை நினைத்துப் பாருங்கள். மேலே துளை இருக்கும்வரை அது அழகாகப் பொங்கும். துளை அடைத்துக்கொண்டால் அதுவே வெடியாகிவிடும். குடுவையிலும் வாயு வெளியேறத் துளைகள் உண்டு. ஆனால் அவை சரியான வேகத்தில் எரியும் வில்லையை நினைத்து அளவெடுத்தவை. வாயு வெளியேறுவதைவிட விரைவாக உருவானால் அழுத்தம் ஏறும். இதில் இன்னொரு வம்பும் உண்டு. அழுத்தம் ஏறினால் இத்தகைய பொருள்கள் இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் ஏறும். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும் இந்தச் சுழல் சில மில்லி வினாடிகளில் எஃகின் தாங்குதிறனைத் தாண்டிவிடுகிறது. உயிர் காக்க வைத்த குடுவை அப்போது ஒரு கையெறி குண்டுபோல் ஆகிவிடுகிறது.

“எஃகு இவ்வளவு எளிதாகவா உடையும்?” என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். இதைப் புரிந்துகொள்ள இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கருவியைப் பார்ப்போம். டுரியான் தோப்புக்காரர்கள் சிலர் காட்டுப் பன்றியை விரட்ட உரிமத்துடன் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் அதைத் தொடவே முடியாது. இவ்வகைத் துப்பாக்கியில், வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 750 மடங்கு வரை எழும். குழாயின் உள்விட்டம் சுமார் 1.85 சென்டிமீட்டர், குறுக்குப் பரப்பு 2.7 சதுர சென்டிமீட்டர். ஒரு வளிமண்டல அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 நியூட்டன். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 20,000 நியூட்டன். இரண்டு மைவி கார்களின் எடைக்குச் சமமான விசை, சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்பக்கம் தள்ளுகிறது.

போல்ட் வகைத் துப்பாக்கியில் அந்த விசையைத் தாங்குவது தாழ்ப்பாள்போல் திருகிப் பூட்டும் ஓர் எஃகுத் தண்டு. அதன் பூட்டு முனை விரல் நகம் அளவே இருக்கும். புதிதில் தாங்கும். ஒவ்வொரு முறையும் இவ்வளவு விசை பட்டுப் பட்டு, உலோகத்தில் நுண்ணிய விரிசல் தொடங்கி மெல்ல வளரும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். கம்பியை இங்கும் அங்கும் வளைத்து ஒடிக்கிறீர்களே, அதேதான். கடந்த நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மலிவாகச் செய்து விற்ற இத்தகைய துப்பாக்கிகளில் சில மாதிரிகளுக்கு, போல்ட் பின்னால் பறந்து வரலாம், சுடாதீர்கள் என்று பிற்காலத்தில் எச்சரிக்கை வந்தது. அதற்குள் அவை கைமாறி, பெயர்மாறி, யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாத நிலை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். துப்பாக்கியில் வாயுவின் அழுத்தம் வழக்கமான அளவுதான், உலோகம் தளர்ந்துவிட்டது. காற்றுப் பையில் உலோகம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே எரிந்த பொருள் மாறிவிட்டது. இரண்டிலும் பழுது வெளியே தெரியாது, பயன்படுத்தும் அந்த ஒரு கணம்வரை. “இதுவரை ஒன்றும் ஆகவில்லையே” என்ற பேச்சு இங்கே செல்லாது. காற்றுப் பை தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வேலை செய்கிறது. ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வழியே இல்லை.

அதனால்தான் ரீகால் என்ற ஏற்பாடு தேவைப்படுகிறது. காரைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு பாகத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதை ஒப்புக்கொண்டு, அந்தப் பாகத்தை நிறுவனம் தன் செலவில் மாற்றித் தருவதுதான் ரீகால். தக்காத்தா விவகாரத்தில் ஹோண்டா 2008 நவம்பரில் சுமார் 4,000 கார்களோடு இதைத் தொடங்கியது. பிறகு அது நிற்கவே இல்லை. டொயோட்டா, நிசான், மஸ்டா, பி.எம்.டபிள்யூ. என்று நீண்டு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் குடுவைகளை மாற்ற வேண்டியதாயிற்று. வாகன வரலாற்றிலேயே ஆகப் பெரிய ரீகால் இதுதான். சோதனை முடிவுகளைத் திருத்திக் காட்டி வாடிக்கையாளர் நிறுவனங்களை ஏமாற்றியதை 2017-இல் தக்காத்தா அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1 பில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு ஜூனில் திவால் மனுவும் கொடுத்தது. வேதியியல் தவறியதைவிட, தவறியது தெரிந்தும் எண்களைத் திருத்தியது எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. ஆய்வக அறிக்கையில் ‘வர வேண்டிய’ விடையை எழுதிவைக்கும் என் மாணவர்களிடமும் இதைச் சொல்வதுண்டு.

அமெரிக்க அதிகாரிகள் மாற்று வேலையை எல்லா மாநிலத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த புளோரிடா, ஹவாய் போன்ற இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அங்கேதான் வில்லைகள் சீக்கிரம் கெடுகின்றன. ஹவாயைவிடப் பூமத்திய ரேகைக்கு நெருக்கமாக இருப்பது நாம். மாக் மண்டினிலோ பாகான் ஆஜாமிலோ திறந்த வெளியில் நிற்கும் பழைய கார் எந்த வரிசையில் வரும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுக் காரின் கிரானை அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு வாங்குங்கள். அதில் சேசிஸ் எண் இருக்கும். பெரும்பாலான கார்களில் எழுத்தும் எண்ணும் கலந்த 17 இடங்கள். கார் நிறுவனத்தின் மலேசிய இணையத்தளத்தில் அதைப் பதிவிட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து எண்ணை வாசித்துக் காட்டினால் போதும். ரீகால் நிலுவையில் இருந்தால் மாற்றித் தர ஒரு சென்கூட வாங்க மாட்டார்கள். 2000-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் செய்த கார் என்றால் கட்டாயம் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரென்றால் இன்னும் கட்டாயம். ரீகால் கடிதம் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குத்தான் போகும். அவர் காரை விற்று, வாங்கியவர் வேறொருவருக்கு விற்று, மூன்றாவது கையாக உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், கடிதம் ஈப்போவிலோ கூலிமிலோ யார் வீட்டுத் தபால் பெட்டியிலோ கிடக்கும்.

விபத்தில் விரிந்த பையை மாற்றும்போதும் கவனம் வேண்டும். ஹாஃப் கட் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்டியரிங்கைப் பொருத்தினால், காரின் சேசிஸ் எண் ‘சரி’ என்று காட்டும். உள்ளே இருப்பதோ வேறொரு காரின் குடுவை. பட்டறைக்காரரிடம் பாகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தயங்க வேண்டாம். நீங்களாகவே ஸ்டியரிங்கைப் பிரிப்பது, கம்பியைத் துண்டிப்பது போன்ற வேலைகளில் மட்டும் இறங்காதீர்கள்.

“எங்கள் காருக்கு முன்பே மாற்றியாகிவிட்டது” என்று அப்பா சொன்னால், எந்த ஆண்டு என்றும் கேளுங்கள். ரீகாலின் தொடக்க ஆண்டுகளில் மாற்றுப் பாகம் பற்றாமல், உலர்த்தி இல்லாத அதே வகைக் குடுவையையே புதிதாகச் செய்து தற்காலிகமாகப் பொருத்தியது உண்டு. புதியது என்பதால் சில ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை; பிறகு அவற்றையும் மாற்றியாக வேண்டும். சேசிஸ் எண்ணைச் சோதித்தால் இதுவும் தெரிந்துவிடும்.